உடையும் முன் சொல்லிவிடும் உலோகம்: கட்டுமானத்தில் எஃகு

கட்டடம், பாலம், ரயில் பாதை என்று எங்கு பார்த்தாலும் எஃகு ஏன்? கான்கிரீட் இவ்வளவு வலுவாக வந்துவிட்ட பிறகும் அது தேவையா? துருப்பிடிக்கிற ஒரு பொருளை நம்பி நூறு வருடத்துக்குக் கட்டலாமா? சிவில் படிக்கத் தொடங்கியிருக்கும் ஒருவர் கேட்ட கேள்விகள் இவை. மூன்றும் நல்ல கேள்விகள். கட்டமைப்புப் பொறியாளராக இந்த உலோகத்தோடுதான் என் நாட்கள் கழிகின்றன என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாடப்புத்தகத்துக்கு முன்னால், ஒரு 16 மி.மீ. கம்பியை இழுவைச் சோதனை இயந்திரத்தில் மாட்டி இழுப்பதைப் பக்கத்தில் நின்று ஒருமுறை பாருங்கள். கட்டைவிரல் தடிமன்கூட இல்லாத கம்பி. சுமை ஏறும், இரண்டு டன், ஐந்து டன், எட்டு டன். கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியாது. பத்து டன்னைத் தாண்டும் இடத்தில், அதுவரை மளமளவென்று ஏறிய முள் தயங்கும். கம்பியின் மேல் ஒட்டியிருக்கும் கருநீலச் செதில் பொரிந்து கீழே உதிரும். கம்பி நீளத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போதும் அது கைவிடாது. இன்னும் கொஞ்சம் சுமை வாங்கிக்கொள்ளும். பிறகு ஓரிடத்தில் இடுப்பு போலச் சுருங்கி, கடைசியில் வெடிச் சத்தத்தோடு இரண்டாகும். அறுந்த முனையைத் தொட்டால் சூடாக இருக்கும். ஒரு பக்கம் கிண்ணமாகக் குழிந்திருக்கும், மறுபக்கம் அதில் பொருந்தும் கூம்பாக இருக்கும்.

அதே கூடத்தில் ஒரு கான்கிரீட் கட்டையை அமுக்கியும் பாருங்கள். நன்றாகத் தாங்கும், தாங்கிக்கொண்டே இருக்கும், திடீரென்று நொறுங்கும். முன்னால் எந்தத் தகவலும் தராது.

இந்த வித்தியாசத்தில்தான் முழுப் பதிலும் இருக்கிறது. எஃகு வலிமையானது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய விஷயம், அளவுக்கு மீறிச் சுமை வந்தால் அது உடைவதற்கு முன் நீளும் என்பது. நீளும்போது பக்கத்து உறுப்புகளுக்குச் சுமையைப் பகிர்ந்துவிடும். தொய்வாகவும் விரிசலாகவும் நமக்குச் சொல்லிவிடும். கம்பி நீளத் தொடங்கும் அந்த இடத்தைத்தான் ஈல்டு பாயின்ட் என்கிறோம். கம்பியின் மேல் 500 என்று அச்சடித்திருந்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் இழுவை வரும்வரை அது நீண்டு நிலைத்துவிடாது என்று பொருள். 16 மி.மீ. கம்பியின் குறுக்குப் பரப்பு 201 சதுர மி.மீ. இரண்டையும் பெருக்கினால் சோதனைக் கூடத்தில் பார்த்த அந்தப் பத்து டன் வந்துவிடும்.

இரும்பும் எஃகும் ஒன்றா என்ற குழப்பம் நிறையப் பேருக்கு உண்டு. வித்தியாசம் பெரும்பாலும் கார்பனில் இருக்கிறது. வார்ப்பிரும்பில் கார்பன் 2 முதல் 4 சதவீதம். அமுக்கினால் தாங்கும், இழுத்தாலோ தட்டினாலோ விரிசல் விடும். கட்டுமான எஃகில் கார்பன் கால் சதவீதத்தை ஒட்டியே இருக்கும், அதனால் வளையும், வெல்டிங் ஏற்கும். 1889-இல் எழுந்த ஈஃபிள் கோபுரம் எஃகு இல்லை. கார்பன் மிகக் குறைந்த தேனிரும்பு. அதற்கு முப்பது வருடம் முன்பே, 1856-இல், ஹென்றி பெஸ்ஸமர் உருகிய இரும்புக்குள் காற்றை ஊதிக் கார்பனை எரிக்கும் முறையைக் கண்டுபிடித்திருந்தார். எஃகு மலிவாகி, டன் கணக்கில் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் கட்டுமானத்துக்குள் வந்தது. 1874-இல் மிசிசிப்பி ஆற்றின் மேல் திறக்கப்பட்ட ஈட்ஸ் பாலம், 1885-இல் சிகாகோவில் எஃகும் இரும்பும் சேர்ந்த எலும்புக்கூட்டின் மேல் நின்ற ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம், 1890-இல் ஸ்காட்லாந்தின் ஃபோர்த் ரயில் பாலம் ஆகியவை அந்தத் தொடக்க காலத்தின் அடையாளங்கள்.

இனி, நம் கண்ணில் படாமலேயே மிக அதிகமாக எஃகு வேலை செய்யும் இடத்துக்கு வருகிறேன். கான்கிரீட்டுக்கு உள்ளே.

கான்கிரீட்டை அமுக்கினால் 30 மெகாபாஸ்கல் (ஒரு மெகாபாஸ்கல் என்பது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன்) தாங்குகிறது என்றால், இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். ஒரு உத்தரத்தின் மேல் சுமை வைத்தால் நடுவில் மேல்பக்கம் அமுங்கும், அடிப்பக்கம் இழுபடும். அந்த அடிப்பக்கத்தில் கம்பியைப் போட்டுவிட்டால் இழுவையை அது ஏற்றுக்கொள்ளும். கேட்க எளிது. ஆனால் இரண்டு வேறு பொருட்கள் இப்படி ஒன்றாக வாழ மூன்று பொருத்தங்கள் அமைய வேண்டும், அவை அமைந்திருப்பது எனக்கு இன்றும் வியப்புதான். ஒரு டிகிரி வெப்பத்துக்கு எஃகு பத்து லட்சத்தில் 12 பங்கு நீள்கிறது. கான்கிரீட் 10 முதல் 12. கிட்டத்தட்ட ஒன்றே. அலுமினியம் 23. அதைக் கம்பியாகப் போட்டிருந்தால் வெயிலுக்கும் குளிருக்கும் நீண்டு சுருங்கியே கான்கிரீட்டைப் பிளந்திருக்கும். இரண்டாவது, சிமென்ட் இறுகும்போது கம்பியை இறுகப் பற்றிக்கொள்கிறது. கம்பியின் மேல் இருக்கும் வரிகள் அந்தப் பிடிக்காகத்தான். மூன்றாவது, சிமென்டின் காரத்தன்மை. பிஎச் அளவு 12.5-க்கு மேல் இருக்கும் அந்தக் காரச் சூழலில் எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு படலம் உருவாகி அதைத் துருவிலிருந்து காக்கிறது. அலுமினியத்தை அதே காரம் அரித்துவிடும்.

நடுவில் இழுவை அடியில் என்றேன். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியிலும் சன்ஷேடிலும் இழுவை மேல்பக்கம். கம்பி மேலே இருக்க வேண்டும். மேலே இருக்கும் கம்பிக்குக் கீழே தாங்க எதுவும் இல்லாததால், சேர் என்று சொல்லும் வளைத்த துண்டுக் கம்பிகளை வைத்து அதை உயரத்தில் நிறுத்துவார்கள். கான்கிரீட் போடும் நாளில் சட்டிக்காரர்கள் அதன் மேலேயே நடப்பார்கள். சேர் சாயும், கம்பி அமுங்கும். 120 மி.மீ. தளத்தில் அடியிலிருந்து 95 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டிய கம்பி 60 மி.மீ. உயரத்துக்கு இறங்கினால் தாங்குதிறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அடிவரை இறங்கினால் அந்த பால்கனியில் கம்பி போட்டதற்கே அர்த்தம் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. நான் வேலைக்கு வந்த புதிதில், முட்டு எடுத்த அன்றே ஒரு சன்ஷேடு மொத்தமாகக் கீழே தொங்கியதைப் பார்த்தேன். உடைத்துப் பார்த்தபோது கம்பி வரைபடத்தில் சொன்ன எண்ணிக்கையில், சொன்ன தடிமனில், சரியாக இருந்தது. இடம் மட்டும் தவறு. கீழே யாரும் நிற்கவில்லை என்பது அன்றைய நல்ல நேரம். எஃகின் அளவைவிட அது இருக்கும் இடம் முக்கியம் என்பதை அதன் பிறகு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கூடவே இன்னொரு தவறான நம்பிக்கை: “எதற்கும் இரண்டு கம்பி சேர்த்துப் போடுங்கள், பலம்தானே.” உத்தரத்தில் இது எப்போதும் உண்மை இல்லை. கம்பி அளவாக இருந்தால், சுமை மீறும்போது கம்பி முதலில் நீளும், உத்தரம் தொய்யும், அடியில் விரிசல் வாய்விடும், ஆட்கள் வெளியேற நேரம் கிடைக்கும். கம்பியை அளவுக்கு மீறித் திணித்தால் அது நீளாது. அதற்கு முன் மேல்பக்கக் கான்கிரீட் நொறுங்கிவிடும். சோதனைக் கூடத்தில் பார்த்த அந்தத் திடீர் நொறுங்கல். இதனால்தான் கட்டட விதிகள் குறைந்தபட்சக் கம்பியைச் சொல்வதோடு, அதிகபட்சத்தையும் சொல்கின்றன. எது முதலில் தோற்க வேண்டும் என்பதை நாம்தான் தீர்மானிக்கிறோம். அது எஃகாக இருக்க வேண்டும்.

தூண்களில் கதை சற்று வேறு. நெடுக்குக் கம்பிகள் கண்ணை நிறைக்கும், ஆனால் நில நடுக்கத்தில் உயிரைக் காப்பது குறுக்கே கட்டியிருக்கும் மெல்லிய வளையங்கள்தான். தூண் ஆடும்போது வெளிக் கான்கிரீட் உதிரும். வளையத்தின் கொக்கியை 90 டிகிரியில் மடித்திருந்தால், உதிர்ந்த கணத்தில் அது பிரிந்துகொள்ளும். உள்ளிருக்கும் கம்பிகள் பிதுங்கி வளையும், தூண் குலையும். 135 டிகிரி மடித்து முனையைத் தூணின் உள்ளே செலுத்தியிருந்தால் கொக்கி பிரியாது. ஒரு கம்பி வேலைக்காரருக்கு அந்தக் கூடுதல் 45 டிகிரிக்கு ஆகும் உழைப்பு சில விநாடிகள். வேலைத்தளத்துக்குப் போனால் நான் முதலில் குனிந்து பார்ப்பது இதைத்தான்.

எஃகும் கான்கிரீட்டும் சேரும் இன்னொரு வகை, முன்இழுவைக் கான்கிரீட். நீளமான மேம்பாலங்களின் பெட்டி கர்டர்கள், அதாவது உள்ளே கூடான பெட்டி வடிவ உத்தரங்கள், பெரும்பாலும் இந்த வகை. உயர்வலிமைக் கம்பி வடங்களை ஜாக் வைத்து இழுத்துப் பூட்டிவிட்டால், அவை சுருங்கப் பார்த்து கான்கிரீட்டை எப்போதும் அமுக்கத்தில் வைத்திருக்கும். வண்டி வந்து இழுவை ஏற்படுத்தினாலும் ஏற்கெனவே இருக்கும் அமுக்கம் கொஞ்சம் குறையுமே தவிர, விரிசல் வராது. யோசனை பழையது, பலர் முயன்று தோற்றார்கள். தோல்விக்குக் காரணம் கண்டவர் பிரான்ஸின் ஊஜென் ஃப்ரெசினே. 1910-களில் லெ வெர்துர் என்ற இடத்தில் அவர் கட்டிய கான்கிரீட் வளைவுப் பாலம், கட்டி முடித்த பிறகும் நடுவில் மெல்ல இறங்கிக்கொண்டே போனது. ஜாக் வைத்துத் தூக்கிப் பாலத்தைக் காப்பாற்றினார். கான்கிரீட் சுமையின் கீழ் வருடக்கணக்கில் ஊர்ந்து சுருங்கும் என்பதை அங்கேதான் கற்றார்.

அதன் கணக்கைப் போட்டுப் பாருங்கள், மிக அழகாக இருக்கும். கான்கிரீட் ஊர்ந்தும் உலர்ந்தும் சுருங்குவது ஆயிரத்தில் சுமார் ஒரு பங்கு. சாதாரண எஃகை அதன் பாதுகாப்பான அளவான 140 மெகாபாஸ்கலுக்கு இழுத்தால் அது நீள்வது ஆயிரத்தில் 0.7 பங்கு. கான்கிரீட் சுருங்கியதும் இழுவை முழுக்கக் காணாமல் போய்விடும். அதுவே 1,860 மெகாபாஸ்கல் வலிமை கொண்ட கம்பியை 1,200 வரை இழுத்தால் ஆயிரத்தில் 6 பங்கு நீளும். அதில் ஒரு பங்கு போனாலும் ஐந்து மிஞ்சும். ஃப்ரெசினே 1928-இல் இதற்குக் காப்புரிமை எடுத்தார்.

எஃகே நேரடியாக எலும்புக்கூடாக நிற்கும் கட்டடங்கள் தனி உலகம். வேலைத்தளத்தில் ஈரமும் இல்லை, கான்கிரீட்டைத் தாங்கிப் பிடிக்கும் சென்ட்ரிங் பலகைகளும் இல்லை. தொழிற்சாலையில் வெட்டித் துளையிட்ட உறுப்புகள் வரும், கிரேன் தூக்கும், போல்ட் போட்டு முறுக்குவார்கள். 102 மாடி எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் சட்டகம் இப்படித்தான், போல்ட்டுக்குப் பதில் ரிவெட் அடித்து, ஏறத்தாழ 57,000 டன் எஃகில் எழுந்தது. 1930-இல் வேலை தொடங்கி 1931 மே மாதம் திறந்துவிட்டார்கள். ஐ வடிவ உத்தரத்தை ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு: வளையும்போது மேல், கீழ் விளிம்புகள்தான் அதிகம் வேலை செய்கின்றன, நடுப்பகுதி அவற்றைப் பிரித்து நிறுத்தினால் போதும். அதனால் பொருளை விளிம்பில் குவித்து நடுவை மெலிதாக்குகிறார்கள்.

எஃகுச் சட்டகத்தில் உத்தரமோ தூணோ தானாக முறிந்து விழுந்த கதைகள் குறைவு. இணைப்பு முறிந்த கதைகள்தான் அதிகம். ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் புரிந்துகொண்டால் நூறு பாடம் படித்ததற்குச் சமம். 1981 ஜூலை 17, அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி நகரில் ஒரு ஓட்டல் கூடத்தில், கூரையிலிருந்து எஃகுத் தண்டுகளில் தொங்கிய இரண்டு நடைபாலங்கள் கூட்டத்தின் மேல் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். முதல் வரைபடத்தில், கூரையிலிருந்து ஒரே நீளத் தண்டு இறங்கி, மேல்பாலத்தைத் துளைத்துக் கீழ்ப்பாலம் வரை போனது. ஒவ்வொரு பாலமும் தன் எடையைத் தண்டிடமே கொடுத்தது. அவ்வளவு நீளத் தண்டு முழுக்க மரை வெட்டுவது சிரமம் என்று, பின்னால் அதை இரண்டு தண்டாக மாற்றினார்கள்: கூரையிலிருந்து மேல்பாலத்துக்கு ஒன்று, மேல்பாலத்திலிருந்து கீழ்ப்பாலத்துக்கு ஒன்று. பார்க்க எதுவும் மாறவில்லை. ஆனால் இப்போது கீழ்ப்பாலம் மேல்பாலத்தைப் பிடித்துத் தொங்கியது. மேல்பாலத்தின் அடியில் இருந்த நட்டின் மேல் சுமை இரண்டு மடங்கானது. நட்டு உத்தரத்தைப் பிய்த்துக்கொண்டு மேலே வந்துவிட்டது. தண்டு அறவில்லை. இணைப்பைத் தளத்தில் மாற்றச் சொல்லி யாராவது வந்தால், சின்ன மாற்றம்தானே என்று கையெழுத்துப் போடாதீர்கள். புதிதாகக் கணக்குப் போடுங்கள்.

1994 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நில நடுக்கம் வேறொரு பாடம் தந்தது. வளைந்து கொடுக்கும் என்று நம்பியிருந்த எஃகுச் சட்டகங்களில், உத்தரமும் தூணும் சேரும் வெல்டிங்கில் விரிசல்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் அவை கண்டுபிடிக்கப்பட்டன. எஃகு நீள்வதற்கு முன் வெல்டிங் வெடித்துவிட்டது. அதன் பிறகு வந்த தீர்வுகளில் ஒன்று முதலில் கேட்கும்போது தவறாகத் தோன்றும்: தூணுக்குச் சற்றுத் தள்ளி உத்தரத்தின் விளிம்புகளை வேண்டுமென்றே வெட்டி மெலிதாக்குகிறார்கள். நாய் கடிக்கும் எலும்பின் வடிவம் வருவதால் டாக்போன் என்று பெயர். பலவீனத்தை நாமே ஒரு நல்ல இடத்தில் வைத்துவிட்டால், நடுக்கத்தின் சக்தி அங்கே போய் எஃகை வளைத்துத் தீரும், வெல்டிங் பிழைக்கும். நெடுஞ்சாலை ஓரத்து எஃகுத் தடுப்புகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. மோதும் காரை அவை சுவர் போல நிறுத்துவதில்லை. நசுங்கி, நீண்டு, காரின் வேகத்தைத் தாங்கள் வாங்கிக்கொள்கின்றன.

எஃகுச் சட்டகத்துக்குத் தீ பெரிய எதிரி. எஃகு எரியாது, ஆனால் 550 டிகிரி செல்சியஸை ஒட்டி அதன் வலிமை ஏறத்தாழ பாதியாகிவிடும். ஒரு அறைத் தீ அதை எளிதில் தாண்டும். அதனால்தான் சூட்டைத் தடுக்கும் வெர்மிக்யுலைட் என்ற கனிமக் கலவையைத் தெளித்து மூடுகிறார்கள், அல்லது சூட்டில் பல மடங்கு உப்பி நுரைப் போர்வையாகும் பெயின்ட் அடிக்கிறார்கள்.

மிக நீண்ட பாலங்களில் எஃகுக்கு நிகரான போட்டியாளர் இன்னும் வரவில்லை, குறிப்பாகத் தொங்கு பாலங்களில். 1883-இல் திறந்த ப்ரூக்ளின் பாலத்தின் வடங்களில்தான் துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பிகள் முதலில் பெரிய அளவில் வந்தன. அந்தக் கம்பியைக் கொடுத்த ஒப்பந்ததாரர் சோதனையில் தேறாத சரக்கைக் கலந்து அனுப்பியது வேலை நடுவில் தெரியவந்தது. கட்டிய வடத்தைப் பிரிக்க முடியாது. தேவையைப் போல ஆறு மடங்கு பலத்துக்கு வடம் வடிவமைக்கப்பட்டிருந்ததால், ஒவ்வொரு வடத்திலும் 150 கம்பிகளைக் கூடுதலாகச் சேர்த்துத் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் நிலைமையைச் சமாளித்தார். அந்தக் கெட்ட கம்பி இன்றும் உள்ளே இருக்கிறது, பாலமும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான கம்பிகள் சேர்ந்த வடத்தில் நாலைந்து போனால் மற்றவை ஏற்றுக்கொள்ளும்.

அப்படி ஏற்றுக்கொள்ள ஆளில்லாத பாலத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒஹாயோ ஆற்றின் மேல் இருந்த சில்வர் பாலம் சாட்சி. 1928-இல் கட்டியது. கம்பி வடத்துக்குப் பதில், முனையில் வளையம் கொண்ட பட்டைகளைக் கோத்த சங்கிலி. ஒரு கண்ணிக்கு இரண்டே இரண்டு பட்டைகள். பட்டை எஃகு அந்தக் காலத்துக்கு மிக வலிமையானது, ஆனால் விரிசலைப் பொறுக்காதது. ஒரு வளையத்தின் உள்ளே, யாரும் எட்டிப் பார்க்க முடியாத இடத்தில், 2.5 மி.மீ. ஆழ விரிசல் அரிப்பால் வளர்ந்தது. 1967 டிசம்பர் 15 மாலை நெரிசலில் அந்தப் பட்டை முறிந்தது. துணைக்கு இருந்த ஒற்றைப் பட்டை நழுவியது. பாலம் முழுவதும் ஆற்றில். 46 பேர் போனார்கள். வலிமையை மட்டும் ஏற்றி, நீளும் குணத்தையும் துணைக் கைகளையும் குறைத்தால் வருவது இதுதான்.

இன்றைய உச்சங்கள் மலைக்க வைப்பவை. ஜப்பானின் அகாஷி கைக்யோ பாலம் (1998) இரண்டு கோபுரங்களுக்கு நடுவில் 1,991 மீட்டர். அதன் ஒரு வடத்தின் விட்டம் ஒரு மீட்டருக்கு மேல். ஈரம் தங்காமல் இருக்க வடத்துக்குள் உலர்ந்த காற்றை ஓயாமல் ஊதுகிறார்கள். துருக்கியின் சனாக்கலே பாலம் 2022-இல் 2,023 மீட்டருக்குப் போய்விட்டது. வளைவுப் பாலத்துக்கு ஜம்மு காஷ்மீரின் செனாப் பாலம்: 467 மீட்டர் எஃகு வளைவு, ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் ரயில்.

ரயில் என்றதும் தண்டவாளத்தைச் சொல்ல வேண்டும். முன்பு தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விடுவார்கள், சூட்டில் நீள இடம் வேண்டும் என்று. சக்கரம் ஒவ்வொரு இடைவெளியிலும் தட்டித் தட்டி முனைகள் கெட்டன. இப்போது கிலோமீட்டர் கணக்கில் வெல்டிங் செய்து ஒரே தண்டவாளமாக்கிவிடுகிறார்கள். அப்படியானால் நீட்சி எங்கே போகிறது? எங்கும் போவதில்லை, ஸ்லீப்பரும் ஜல்லியும் அதை நீளவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. சும்மா விட்டால் 30 டிகிரி ஏற்றத்துக்கு ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் 36 செ.மீ. நீளும். பிடித்து வைத்தால் அந்த நீட்சி 72 மெகாபாஸ்கல் அழுத்தமாக உள்ளே தங்கும். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் அது சுமார் 55 டன் விசை, வண்டியே இல்லாத நண்பகலில், ஒவ்வொரு தண்டவாளத்திலும். பக்கவாட்டில் ஜல்லி குறைந்த இடம் கிடைத்தால் பாம்பு போல நெளிந்து வெளியே வந்துவிடும். ஆகவே ஜல்லியைக் குவித்துச் சரி செய்யும் தொழிலாளியின் வேலை, அந்த 55 டன்னைக் கட்டிப்போடும் வேலை.

மற்ற இடங்களை வேகமாகக் கடக்கிறேன். மின்கோபுரங்கள்: ஆங்கிள் என்னும் எல் வடிவ எஃகு உறுப்புகளை உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்து போல்ட் போட்டவை. அவற்றில் ஓடும் மின்கம்பியிலும் வெளியே மின்சாரத்தைக் கடத்துவது அலுமினியம், நடுவில் எடையைத் தாங்குவது எஃகு இழை. துறைமுகச் சுவர்களில் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்படி மண்ணில் இறக்கிய எஃகுத் தகடுகளான ஷீட் பைல்கள். அணைகளில் மதகுக் கதவுகளும், மின்நிலையத்துக்கு நீர் இறக்கும் குழாய்களும். சுரங்கப் பாதைகளில் பாறையைத் தைத்து நிறுத்தும் ராக் போல்ட்டுகள். காற்றாலைக் கோபுரம், எண்ணெய்க் குழாய், நீர்த்தொட்டி. எடைக்காக மட்டும் எஃகு பயன்படும் இடம்கூட உண்டு: தைபே 101 கட்டடத்தின் உச்சிக்கருகே 660 டன் எஃகு உருண்டை ஒன்று வடங்களில் தொங்குகிறது, காற்றில் கட்டடம் ஒரு பக்கம் சாய்ந்தால் அது மறுபக்கம் ஆடி அசைவை அடக்கும்.

கடைசிக் கேள்வி, துரு. கவலை நியாயமானது. துருவாக மாறும் இரும்பு தன் முந்தைய பருமனைப் போல் இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்தப் பிதுக்கம்தான் தளத்தின் அடியில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி வெளியே பல்லிளிப்பதற்குக் காரணம். காக்கும் வழிகள் பல. துத்தநாகப் பூச்சு ஒன்று. தன் துருவையே இறுகிய தோலாக்கிக்கொள்ளும் வெதரிங் ஸ்டீல் இன்னொன்று. ஆனால் உப்புக் காற்றிலும் எப்போதும் ஈரமான இடத்திலும் அந்தத் தோல் உருவாகாது. எப்பாக்ஸி பூசிய கம்பியை நம்பிக் கட்டிய ஃப்ளோரிடா கடல் பாலங்கள் சிலவற்றில் சில வருடங்களிலேயே அரிப்பு தெரிந்தது. பூச்சில் ஒரு கீறல் போதும், உப்பு அங்கே போய் உட்காரும். மெக்சிகோவின் ப்ரோக்ரெசோ துறைமுகப் பாலத்தில் 1940-ஐ ஒட்டி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போட்டார்கள். பல பத்தாண்டு கடல் நீருக்குப் பிறகும் அது நல்ல நிலையில் இருந்தது. பின்னால் பக்கத்தில் சாதாரணக் கம்பியில் கட்டியது சிதைந்து போயிற்று. செலவு அதிகம், எல்லா இடத்துக்கும் கட்டுப்படியாகாது.

சாதாரணக் கட்டடத்தில் உங்கள் கையில் இருக்கும் மருந்து கவர், அதாவது கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட்டின் தடிமன். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கான்கிரீட்டுக்குள் மெல்ல நுழைந்து காரத்தன்மையைக் கொல்கிறது. கம்பியை எட்டிய அன்று அந்த ஆக்சைடு படலம் போய்விடும். அது முன்னேறும் ஆழம், காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிப் போகிறது. இதை ஒருமுறை எழுதிப் பார்த்தால் மறக்கமாட்டீர்கள்: 40 மி.மீ. கவரைக் கடக்க 80 வருடம் ஆகும் ஒரு கான்கிரீட்டில், 20 மி.மீ. கவரைக் கடக்க 40 வருடம் ஆகாது. 20 வருடம்தான். பாதி கவர், கால் ஆயுள். எனவே துருப்பிடிக்கும் பொருளை நம்பி நூறு வருடத்துக்குக் கட்டலாம், அந்தச் சில சென்டிமீட்டர் கான்கிரீட் அடர்த்தியாகவும் முழு தடிமனோடும் இருந்தால். கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் தீப்பெட்டி அளவுகூட இருக்காது. ஒன்று உருண்டு போனாலும் யாரும் கவனிக்கமாட்டார்கள். கான்கிரீட் வண்டி வாசலில் வந்து நின்று, எல்லோரும் அவசரப்படுத்தும் நேரத்திலும், டேப்பை எடுத்துக்கொண்டு குனிந்து கம்பிக்கும் சென்ட்ரிங் பலகைக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று நாலு இடத்தில் அளந்துவிட்டுப் பிறகு ஊற்றச் சொல்லுங்கள்.